மூன்றடி இரண்டங்குலம் என்று நான் எழுதிய காலை

பொறியியல் பீட மாணவர் சங்கத்தார் போன மாதம் எனக்கொரு கடிதம் போட்டிருந்தார்கள். அவர்களுடைய ஆண்டு மலருக்கு நான் கட்டுரை தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே போட்டு அனுப்பிவிட்டார்கள்: சங்க வேலையையும் படிப்பையும் ஒருசேரச் சமாளிப்பது எப்படி. மூன்று வருடம் நாடகக் கழகச் செயலாளராக இருந்துகொண்டே பட்டமும் எடுத்தவன், அதன்பின் முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னைப் பிடித்திருக்கிறார்கள். கடிதத்தோடு ஒரு பழைய தாளின் பிரதியும் இருந்தது. பீடத்துக் கோப்பில் தேடியெடுத்த என் விடுமுறைப் பயிற்சிச் சான்றிதழ் அது. "அளவீடுகளில் மிகுந்த ஒழுங்கும் நேரந்தவறாமையும் உள்ளவர்" என்று அதில் எழுதியிருக்கிறது. அதைப் பெரிதாக்கி மலரின் முதற்பக்கத்தில் போடப்போகிறார்களாம்.  போடுங்கள் பிள்ளைகளே, நான் மறிக்கவில்லை. ஆனால் நான் கீழே எழுதுவதையும் ஒரு சொல் குறைக்காமல் போட வேண்டும்.

இது நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். எங்கள் நாடகக் கழகத்தில் செயலாளர் என்றால் கடிதம் எழுதுகிறவன் மட்டுமல்ல. மண்டபம் பிடிப்பவன், திரை கட்டுபவன், நடிகர்களுக்குள் கோபதாபம் வந்தால் சமாதானம் பேசுபவன், பெண் வேடத்துக்கு ஆள் வராவிட்டால் சேலை உடுத்துபவன் எல்லாம் அவனே. நான் இதையெல்லாம் செய்துகொண்டே விரிவுரைக்கும் போனேன். போனேன் என்றால், பின் வாங்கில் உட்கார்ந்து வசனம் எழுதினேன். அறைச் சுவரில் ஒரு நேரசூசி ஒட்டியிருந்தேன். படிப்புக்குச் சிவப்பு, கழகத்துக்கு நீலம். பார்க்க வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். இரண்டாம் வருடச் சோதனையில் நீரியல் பாடத்தில் தவறினேன். பெறுபேற்றுப் பலகையில் என் இலக்கத்தைக் காணாமல் மூன்று தரம் மேலும் கீழும் தேடியது இப்போதும் நினைவிருக்கிறது. பீடாதிபதி கூப்பிட்டு, மறுபரீட்சை எழுதலாம், ஆனால் விடுமுறைப் பயிற்சிச் சான்றிதழ் திருப்தியாக வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியார். வீட்டுக்குப் போவதென்றால் அவர் முகத்தில் விழிப்பது.

பயிற்சி எனக்குச் சொந்த ஊரிலேயே கிடைத்தது, மட்டக்களப்பு நீர்ப்பாசன அலுவலகத்தில், மார்கழி மாதம் ஆறு வாரம். அதே மார்கழியில் எங்கள் கழகம் மட்டக்களப்பில் நாடகம் போடுவதென்றும் தீர்மானமாகியிருந்தது. இரண்டும் ஒரே ஊரில் என்றதும் எனக்கு மகா சந்தோஷம். சிவப்பும் நீலமுமாக இன்னொரு நேரசூசி எழுதினேன்.

அந்தக் கந்தோரில் எனக்கு மேலதிகாரி திரு. ஞானமுத்து. ஒல்லியான மனிதர், ஞாயிறு தவறாமல் மெதடிஸ்த கோயிலில் பாடுகிறவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கங்காணி முதல் பெருவயல்காரரான போடியார் வரை எல்லாரையும் "நீங்க" என்றுதான் பேசுவார். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் கதிரை கொடுத்து இருத்துவார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி துடைபடுவதைக் கண்டாலே கந்தோரில் பாதிப் பேர் மேசையடியில் எதையோ தேடத் தொடங்குவார்கள். அளவுப் புத்தகத்தை எப்போதும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் வாசிப்பார். பொய் எழுதுகிறவன் மேலிருந்து கீழே ஒழுங்குபண்ணிக்கொண்டு வருவான், கீழிருந்து பார்த்தால் இளித்துவிடும் என்பது அவர் எண்ணம்.

அவர் எனக்குக் கொடுத்த வேலை, பாலத்தடியில் வாவியின் நீர்மட்டம் காட்டும் பலகையைப் பார்ப்பது. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. கேட்க இலேசான வேலை. ஆனால் அதற்கு அவர் வைத்திருந்த முறையைக் கேளுங்கள். மேலே நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. படியில் இறங்கி, கண் தண்ணீரின் மட்டத்துக்கு வரும்வரை குந்த வேண்டும். அலை ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்து நடுவை எடுக்க வேண்டும், அப்படி மூன்று தரம். குந்திய இடத்திலேயே பென்சிலால் எழுத வேண்டும். அழிறப்பர் கந்தோருக்குள்ளேயே வரக் கூடாது. பிழைத்தால் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். மேசையில் இருந்து எழுதிய இலக்கத்தையும் படியில் குந்தி எழுதிய இலக்கத்தையும் அவர் ஒரு பார்வையில் பிரித்துவிடுவார்.

இந்த அளவுக்கு ஏன் கெடுபிடி என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். எங்கள் வாவி கடலோடு சேரும் இடம் முகத்துவாரம். வருடத்தில் பல மாதம் கடல் மணலை ஒதுக்கி அந்த வாயை மூடிவைக்கும். மாரியில் மேற்கேயிருந்து வெள்ளம் இறங்கும்போது அந்த மணலை ஆட்களை விட்டு வெட்டித் திறக்க வேண்டும். பிந்தினால் படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், வட்டை வட்டையாக வயல்வெளி தண்ணீருக்குள் போய்விடும். முந்தினால் தண்ணீருக்குத் தள்ளும் பலம் இராது. கடல் மணலைப் போட்டு மறுபடி மூடி, உப்புத்தண்ணீரையும் உள்ளே விட்டுவிடும். வயல்காரர் எப்போதும் இன்றைக்கே வெட்டு என்பார்கள், மீன்காரர் நாளைக்கு என்பார்கள். இருபகுதியின் வாயையும் அடைப்பது பலகைதான். நான்கடி ஏறினால் வெட்டு. பாலத்தடிப் பலகையும் தெற்கே மண்முனைத் துறைப் பலகையும் ஒத்துச் சொல்ல வேண்டும்.

துறைப் பலகையைப் பார்த்தவர் ஆதம்பாவாக் காக்கா. காத்தான்குடிக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், நாற்பத்தைந்து வயதிருக்கும். வண்டி வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம். அவர் அந்தப் பாதையைச் செலுத்துகிறவர். பலகை பார்ப்பது மேலதிக வேலை. எழுத்து அவ்வளவாக வராது, இலக்கம் எழுதுவார். காலையில் பார்த்ததைச் சீனி சுற்றிவந்த சரைத் தாளில் எழுதி முதல் பஸ் சாரதியின் கையில் கொடுத்துவிடுவார். பயிற்சியின் முதல் வாரம் நான் அங்கே போனபோது பிளேன்டீ வாங்கித் தந்தார். நாடகம் போடப்போகிறோம் என்றதும் மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தனக்கு முன் வரிசையில் ஒரு கதிரை வைக்க வேண்டும் என்று கேட்டார், வைக்கிறேன் என்றேன்.

இனி என் திருவிளையாடல். உள்ளூர்ப் பாட்டுக்காரரை வைத்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒத்திகை. ஆறு மணிக்கு நான் பாலத்தடியில் நிற்க முடியாது. முதல் நாள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். இரண்டாம் நாள் போகவில்லை. மறுநாள் காலை பலகையைப் பார்த்து, முந்திய நண்பகலுக்கும் அந்தக் காலைக்கும் நடுவில் மாலையளவு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். தெரிந்த இரண்டுக்கு நடுவில் தெரியாததைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்திருந்தார்களே. படியில் குந்தியே அதை எழுதினேன். தாளின் ஓரத்தில் வாவித் தண்ணீரை இரண்டு சொட்டுத் தெளிக்கவும் மறக்கவில்லை, நாடகக்காரன் அல்லவா. திரு. ஞானமுத்து கீழிருந்து மேலே வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. படிப்பையும் கழகத்தையும் இப்படிச் சமாளிக்க இன்னொருவன் பிறந்துதான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அப்படியே ஓடியது.

நாடகத்துக்கு முதல்நாள் கழகத்து ஆட்கள் ரயிலில் வந்துசேர வேண்டியிருந்தது. மழையில் எங்கோ தண்டவாளத்தில் தண்ணீர் என்று ரயில் பிந்தும் என்றார்கள். நண்பகல் பலகையைப் பார்த்தேன்: இரண்டடி பத்தங்குலம். மாலைக்கு வர முடியாது என்பது நிச்சயம், மழை என்பதால் மாலைக் கணக்கு அன்றிரவே மேசையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வேறு. ஆறு மணி நேரத்துக்கு ஓரங்குலம் என்று ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே அந்த இடத்திலேயே, ஆறு மணி நேரம் முன்கூட்டி, மாலை ஆறு மணி இரண்டடி பதினோரங்குலம் என்று எழுதி, இருட்டியபின் மேசையில் வைக்கச் சொல்லிப் புத்தகத்தைக் கந்தோர்க் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனேன்.

அன்று பின்னேரம் கரடியனாற்றுப் பக்கம் பேய்மழை. மேற்கே குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தன. எனக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குப் படியில் இறங்கினேன். குந்த வேண்டிய படியைக் காணவில்லை, அது தண்ணீருக்குள் கிடந்தது. பலகையைப் பார்த்தேன். நான்கடி ஓரங்குலம். என் கண்ணை நான் நம்பவில்லை, மூன்று தரம் அல்ல, பத்துத் தரம் பார்த்தேன்.  உண்மையை எழுதினால் ஓர் இரவில் ஓரடிக்கு மேல் ஏறியதாகக் காட்டும். மாலை ஆறு மணிக்கு நின்றவன் கண்ணுக்கு ஏறுகிற தண்ணீர் எப்படித் தெரியாமல் போனது என்று கண்ணாடி துடைபடும். சான்றிதழ் போகும், பட்டம் போகும்.

அப்போது என் படித்த மூளை வேலை செய்தது. நில அளவையில் ஒரு முறை உண்டு. மட்டம் பார்த்துக்கொண்டே போய்ப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது கணக்கு ஓரிரு அங்குலம் இடித்தால், அந்தப் பிழையைப் பார்த்த இடங்களுக்கெல்லாம் சிறிது சிறிதாகப் பங்கிட்டுவிடுவோம். சரியான முறைதான், புத்தகத்தில் உள்ளதுதான். நான் என் பொய்யை அப்படிப் பங்கிடத் தீர்மானித்தேன். காலைக்கு மூன்றடி இரண்டங்குலம். அடுத்தடுத்த அளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக உண்மைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எழுதினேன். தண்ணீரும் தெளித்தேன்.

எட்டு மணிக்குக் கந்தோரில் நானும் இருந்தேன். முந்திய நாள் ஒத்திகையில் மீசை ஒட்டிய பசை இன்னும் மேலுதட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மாவட்ட அலுவலகமான கச்சேரியில் அரசாங்க அதிபர் முன்னிலையில் கூட்டம். வெட்டுவதா இல்லையா என்று எங்கள் ஞானமுத்து சேர்தான் சொல்ல வேண்டும். அந்த நேரம் ஆதம்பாவாக் காக்கா உள்ளே வந்தார். வீதியில் தண்ணீர் என்று பஸ் வரவில்லையாம், துறையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். உடுத்திருந்த சாரம் தொடைவரை நனைந்திருந்தது. சரைத் தாளை மட்டும் தலைப்பாகைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தார். நாலடி மூன்றங்குலம்.

திரு. ஞானமுத்து அவருக்குக் கதிரை கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே வாவி, ஆதம்பாவா. பாலத்தடியில மூண்டடி ரெண்டங்குலம். உங்கட தாளில நாலடி மூணங்குலம். இது எப்படி வந்த?"

"தண்ணி ஏறியிரிக்கி சேர். ராவு முழுக்க மேக்கால இருந்து வருகுது. வந்து பாருங்க."

துறையில் தெற்குக் காற்றும் மிதவையின் அலையும் இருக்கும், பார்க்கிற தண்ணீரை நம்பேலாது, எழுதின கணக்கைத்தான் நம்பலாம் என்றார் சேர். பிறகு குரலை இன்னும் தணித்து, போடிமார் யாராவது வந்து கண்டார்களா என்று கேட்டார். வருவார்கள், தண்ணீர் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்கள், சொல்லுவேன் என்றார் காக்கா. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

"காசு தந்தவங்களா?"

"அல்லாட மேல சத்தியமா ஒரு சதமும் வாங்கல்ல சேர்."

"அப்ப கண்தான் பழுது. ரெண்டில ஒண்டுதானே இருக்க வேணும். உங்களக் கள்ளன் எண்டு எழுத எனக்கு விருப்பமில்ல. பார்வை குறைவெண்டு எழுதிறன். பலகைய வேற ஆளிட்டக் குடுப்பம்."

நான் மேசையோரம் நின்றேன். இப்போது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கழகத்தார் பன்னிரண்டு பேர் பள்ளிக்கூட மண்டபத்தில் திரை கட்டிக்கொண்டிருந்தார்கள், நாலு மணிக்கு நாடகம், பீடாதிபதியின் முகம், அப்பாவின் முகம். ஆதம்பாவாக் காக்கா என் பக்கம் திரும்பினார். என்னைக் குற்றம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் ஒருவேளை உண்மை வெளியே வந்திருக்கும்.

"இந்தத் தம்பி மூண்டடி எண்டா மூண்டடியாத்தான் இருக்கும், சேர்," என்றார். "படிச்ச பிள்ளை. பிழையா எழுத மாட்டார்."

எழும்பி, நனைந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அழுகையா, கண்ணைச் சோதித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கச்சேரியில் போடிமார் வாய்விட்டுக் கெஞ்சினார்கள். வருடா வருடம் சொல்வதைத்தானே சொல்கிறார்கள் என்று அதிபர் சிரித்தார். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று முடிவாயிற்று. நாலு மணிக்கு நாடகம் நடந்தது. நான் பொலிஸ் அதிகாரி வேடம். தகரக் கூரையில் மழை இரைந்தாலும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன் வரிசையில் நான் வைக்கச் சொல்லியிருந்த கதிரை கடைசிவரை வெறுமனே கிடந்தது. எனக்கு மாலை போட்டார்கள்.

மறுநாள் காலைக்குள் என் கணக்கு உண்மையோடு போய்ச் சேர்ந்துவிட்டது. நாலடி பத்தங்குலம். திரு. ஞானமுத்து தாமே பாலத்துக்கு வந்து பார்த்தார், புத்தகமும் பலகையும் ஒத்துப்போயின. நண்பகலில் ஆட்களை விட்டு முகத்துவாரத்தை வெட்டினார்கள். மறுநாள்தான் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஆனால் படுவான்கரையில் பள்ளமான வட்டைகளில் வயல் நாலைந்து நாள் நீருக்குள் கிடந்துவிட்டது. ஒரு நாள் முந்தியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று போடிமார் சொன்னார்கள். சேதம் பார்க்க நானும் கூடப் போனேன். வரம்பில் நின்ற ஒரு பெண் அழுகிய பயிரைப் பிடுங்கி எங்கள் முன்னால் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடுங்கக் குனிந்தாள். பயிற்சி முடிந்த நாளில் சேர் என் கையைக் குலுக்கிச் சான்றிதழைத் தந்தார். துறைப் பலகையை நம்பியிருந்தால் முந்தியே வெட்டி எல்லாம் பாழாகியிருக்கும், உங்கட புத்தகம்தான் காப்பாற்றினது என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த அதிர்ச்சி தண்ணீரைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிது. எதையும் கீழிருந்து மேலே வாசிக்கிற மனிதர், படித்த பையனையும் பாதைக்காரனையும் மட்டும் மேலிருந்து கீழே வாசித்துவிட்டார். அதற்கும் நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுபரீட்சையில் தேறினேன். நாடகக் கழகத்தையும் விடவில்லை. விட்டிருந்தால் ஏதோ தண்டனை அனுபவித்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இன்னும் ஒரு வருடம் செயலாளராக இருந்தேன், மூன்று நாடகம் போட்டோம், நல்ல பெயர்.

வேலை கிடைத்து வேறு மாவட்டங்களில் சுற்றி, ஒன்பது வருடத்துக்குப் பிறகு மட்டக்களப்புக்கே மாற்றலாகி வந்தேன். திரு. ஞானமுத்து இருந்த அதே கதிரை. அவர் காலமாகிவிட்டிருந்தார், அவரிடம் சொல்லும் வாய்ப்பு போய்விட்டது. முதல் வாரமே துறைக்குப் போனேன். ஆதம்பாவாக் காக்காவுக்குப் பலகையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, மெல்ல உண்மையைச் சொல்லலாம் என்று திட்டம். ஒன்பது வருடமாகியும் நான் மெல்லத்தான் நினைத்தேன். பாதையில் வேறு ஆள் நின்றான். காக்கா அந்த மாரியோடேயே பாதை வேலையையும் விட்டுவிட்டார், காத்தான்குடியில் வீட்டோடு இருக்கிறார் என்றான்.

வீடு பெருந்தெருவோரம். முன் விறாந்தையில் இருந்து கைத்தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை யாரென்று மட்டுக்கட்டிக் கதிரை போட்டார். பாதையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"கண் பழுதுதானே மனே," என்றார் சாதாரணமாக. "பாதையில பஸ் ஏறும், சனம் ஏறும், பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் ஏறும். கண் பொய் சொல்றவன் சுக்கான் புடிக்கலாமா? ஒரு அடியப் பிழையாப் பாத்தவன் நான்."

ஆஸ்பத்திரியில் காட்டவில்லையா என்றேன்.

"ரெண்டு தரம் காட்டின. கண் நல்லா இரிக்கெண்டுதான் சொன்னாங்க. அவங்களுக்கென்ன தெரியும். கந்தோர்ப் புத்தகம் பொய் சொல்லுமா?"

காசு வாங்கவில்லை என்பது அந்த மனிதருக்கு நிச்சயம். சேர் சொன்ன இரண்டில் மற்றதுதான் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு, பிழைப்பை விட்டு, ஒன்பது வருடம் வீட்டுக்குள் இருந்திருக்கிறார். வேலை போனதற்கு அவர் என்னைத் திட்டுவார், அல்லது மறந்திருப்பார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு போனவன் நான். இப்படி ஒன்று இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. 

சொன்னேன். மெல்லவும் இல்லை, திட்டப்படியும் இல்லை. ஒத்திகைக்குப் போனதையும், முன்கூட்டி எழுதியதையும், காலையில் கண்டதையும், பங்கிட்டதையும் ஒரு மூச்சில் கொட்டினேன். அவர் நூல் சுற்றுவதை நிறுத்தினார்.

"அப்ப அண்டைக்கு நாலடி மூணங்குலம்?"

"சரி காக்கா. பாலத்தடியில நாலடி ஒண்டு. என்ட கண்ணாலதான் பாத்தன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். ஆரையம்பதிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, தூரத்தில். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அதன் இலக்கத் தகட்டை ஒவ்வோர் இலக்கமாக உரத்து வாசித்தார். பஸ் எங்களைக் கடந்து போயிற்று.

"சரியா?" என்று கேட்டார்.

சரி என்றேன்.

அடுத்ததாக நெல் மூட்டை ஏற்றிய ஒரு லொறி. முன்னதைவிடத் தூரத்தில் வரும்போதே வாசித்தார். கிட்ட வந்ததும் நான் தகட்டைப் பார்த்தேன்.

"சரியா மனே?"

"சரி காக்கா."

அவர் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. அடுத்த வாகனம் வரும்வரை இருவரும் வெயிலில் தெருவோரம் நின்றோம்.